ஒரே குழலில் இரண்டு கெட்டிப்பு: ஒரு நிகழ்வு ஆய்வு

கருமருந்துத் துப்பாக்கி சுடும் ரேஞ்ச் ஒன்றில் போட்டிக்கான பயிற்சி நடந்துகொண்டிருந்தபோது, வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் ரைஃபிள் ஒன்றில் ஒரு கெட்டிப்பின் (ஒருமுறை சுடுவதற்கான மருந்தும் குண்டும்) மேல் இன்னொரு கெட்டிப்பு ஏறிவிட்டது. மருந்தைப் பற்றவைக்கும் கேப்பை வைப்பதற்கு முன்பே தெரிந்துவிட்டதால் யாருக்கும் காயமில்லை. அன்று அங்கே இருந்தவர்களில் நானும் ஒருவன். துப்பாக்கியைக் காலி செய்தபோதும் குழலைப் பரிசோதித்தபோதும் கூடவே இருந்தேன். காயமில்லாத சம்பவம் என்பதால் இது ரேஞ்ச் பதிவேட்டில் இரண்டு வரியோடு முடிந்திருக்கும். குழலைக் கழுவும்போது தெரிந்த ஒரு விஷயம்தான் இதை முழுதாக எழுத வைத்தது. சம்பந்தப்பட்டவர்களின் பெயரோ இடமோ இதில் இல்லை.

## பின்னணி

சுட்டவர் ஐம்பதை நெருங்குபவர். நவீன ரைஃபிளில் பல வருடப் பழக்கம் உண்டு. கருமருந்துப் பக்கம் வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. பழையதாக வாங்கிய .50 காலிபர் கேப் ரைஃபிளை வைத்திருந்தார். அன்று அவர் போட்ட அளவு, துப்பாக்கித் தயாரிப்பாளரின் கையேட்டு வரம்புக்குள் அடங்கிய சாதாரணப் போட்டி அளவுதான்: 60 கிரெய்ன், அதாவது சுமார் 3.9 கிராம் கருமருந்து. அதன் மேல் எண்ணெய்த் துணியில் பொதிந்த .490 அங்குல ஈயக்குண்டு. குண்டின் எடை பதினொன்றரை கிராமுக்கு ஒட்டி வரும்.

இந்த வகைத் துப்பாக்கியைப் பார்த்திராதவர்களுக்குச் சுருக்கமாக: குழலின் அடி மூடியிருக்கும். எல்லாமே வாய் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். முதலில் மருந்து, அப்புறம் துணியோடு குண்டு, அதைச் சலாகை என்ற நீளக் கோலால் மருந்தின் மேல் இடைவெளி இல்லாமல் அழுத்த வேண்டும். கடைசியாக அடிப்பக்கத்து நிப்பிள் என்ற சின்னக் குழாயின் மேல், அடித்தால் பொறி விடும் கேப். விசையை இழுத்தால் குதிரை என்ற சுத்தி கேப்பை அடிக்கும். பொறி சின்னத் துளை வழியாக உள்ளே போய் மருந்தைப் பற்றவைக்கும். நவீன ரைஃபிளில் போல்ட்டைத் திறந்தால் உள்ளே தோட்டா இருக்கிறதா இல்லையா என்று கண்ணால் பார்த்துவிடலாம். இதில் அப்படி ஒரு ஜன்னல் கிடையாது. கெட்டித்த குழலும் காலிக் குழலும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கும்.

அன்றைய பயிற்சி சர்வதேசக் கெட்டிப்புத் துப்பாக்கிப் போட்டிகளின் முறையில் நடந்தது. 30 நிமிடத்தில் 13 முறை சுட வேண்டும்; சிறந்த 10 மட்டும் கணக்கில் வரும். மருந்தை முன்கூட்டியே அளந்து, ஒரு தடவைக்கு ஒரு சின்னக் குப்பி என்று போட்டுக் கொண்டுவர வேண்டும். வரிசையில் ஆறு பேர். ஒவ்வொருவரின் தாளையும் தொலைநோக்கியில் பார்த்து, விழுந்த ஓட்டைகளைக் குறித்துக்கொள்ள ஒருவர் பின்னால் உட்கார்ந்திருப்பார். இவருக்குக் குறித்தவர் புதிதாகச் சேர்ந்திருந்த ஓர் இளம்பெண்.

இன்னொரு விவரமும் பின்னால் தேவைப்படும். அவருடைய துப்பாக்கியோடு வந்த மரச் சலாகையில் "காலி", "கெட்டித்தது" என்று இரண்டு கோடு போட்டிருந்தார். ஆனால் மரச் சலாகை ஒடிந்தால் சிலாம்பு கையில் பாய்ந்துவிடும் என்பதால் ரேஞ்சில் எல்லோரும் பித்தளைச் சலாகையைத்தான் பயன்படுத்துகிறார்கள். நல்ல வழக்கம்தான். அவர் அன்று எடுத்தது ரேஞ்சின் பொதுச் சலாகை. அதில் கோடு எதுவும் இல்லை.

## நடந்தது

முதல் மூன்று சுடுதலும் சரியாகப் போயின. கருமருந்து எரிந்தால் கரி நிறைய படியும். அதனால் மூன்று முறைக்கு ஒருமுறை ஈரத் துணியால் குழலைத் துடைப்பது அவர் வழக்கம். மூன்றாவதுக்குப் பிறகு துடைத்தார். துணி சற்றுக் கூடுதலாகவே நனைந்திருந்தது என்று பிறகு அவரே சொன்னார். ஈரத் துணியை மேலிருந்து கீழே தள்ளும்போது, கரிச்சேறு குழலின் அடிக்குப் போய்ப் பொறி வரும் துளையை அடைத்துக்கொள்ளும். இது இந்தத் துப்பாக்கியில் வழக்கமான தொல்லை. துடைத்த பிறகு மருந்து போடுவதற்கு முன்னால் வெறும் கேப் ஒன்றை வெடித்துப் பார்த்தால் துளை திறந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். நேரம் ஓடுகிறது என்று அவர் அதைச் செய்யவில்லை.

நான்காவது கெட்டிப்பு. விசையை இழுத்தார், கேப் வெடித்தது, உள்ளே மருந்து பற்றவில்லை. ஏறக்குறைய அதே கணத்தில் பக்கத்தில் இருந்தவரும் சுட்டார். காற்று அந்தப் பக்கமிருந்து அடித்ததால் பக்கத்துப் புகை இவர் துப்பாக்கிக்கு மேலாக வந்து மூடியது. சத்தம் கேட்டது, புகை வந்தது, குதிரை விழுந்தது. சுட்டாகிவிட்டது என்று அவர் துப்பாக்கியை இறக்கி, அடுத்த குப்பியை எடுத்தார்.

பின்னால் இருந்த பெண் நான்காவது ஓட்டையைத் தேடிக்கொண்டிருந்தார். தாளில் மூன்றுதான் இருந்தன.

"அண்ணா, நாலாவது தாளிலேயே இல்லை."

"தப்பிப் போயிருக்கும்மா" என்றபடி அவர் குண்டை அழுத்திக்கொண்டிருந்தார்.

அந்தப் பெண் அதோடு விட்டிருக்கலாம். புதிதாகச் சேர்ந்தவர், சுடுகிறவர் அனுபவசாலி. ஆனால் முந்தைய மூன்றும் நடுவைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்குள் விழுந்திருந்தன. அப்படிச் சுடுகிறவரின் நான்காவது குண்டு தாளையே தொடாமல் போவது அவருக்கு ஒட்டவில்லை. எழுந்து ரேஞ்ச் ஆபீசரிடம் போய்ச் சொன்னார். ரேஞ்ச் ஆபீசர் திரும்பிப் பார்த்தபோது சலாகை இன்னும் குழலுக்குள் நின்றது. பக்கத்து மேசையில் அதே அளவுச் சலாகை அதே நீளக் குழலில் நின்ற உயரத்தைவிட இது மேலே துருத்திக்கொண்டிருந்தது. அவ்வளவுதான், கை தூக்கி வரிசை முழுவதையும் நிறுத்தினார். இவர் கையில் கேப் எடுத்திருந்தார், நிப்பிளில் வைக்கவில்லை.

## அந்த நேரத்தில் தெரிந்தவை

துப்பாக்கி வாய் குறிப்பலகைப் பக்கமே இருக்கும்படி மேசைத் தாங்கியில் வைத்து, குதிரையைப் பாதி நிலைக்குக் கொண்டுவந்து, மேசையில் இருந்த கேப் டப்பாவை அப்புறப்படுத்தினார்கள். மற்றவர்கள் வரிசையை விட்டுப் பின்னால் போனார்கள்.

பிறகு அளந்தார்கள். சலாகை உள்ளே நின்ற இடத்தில், குழல் வாயோடு ஒட்டி ஒரு நாடா. அதை வெளியே எடுத்து, நாடா வாய்க்கு நேராக வரும்படி குழலின் வெளிப்பக்கம் வைத்தால் சலாகையின் நுனி உள்ளே எங்கே முட்டியது என்று தெரியும். 60 கிரெய்ன் மருந்து அந்தக் குழலில் ஏறக்குறைய 3 செ.மீ. உயரம் நிற்கும். குண்டும் துணியும் இன்னும் ஒன்றேகால் செ.மீ. ஆக, ஒரு கெட்டிப்பு நாலரை செ.மீ.க்குள் அடங்க வேண்டும். இங்கே குழலின் அடியிலிருந்து கிட்டத்தட்ட 9 செ.மீ. நிரம்பியிருந்தது.

குப்பிகளையும் எண்ணினார்கள். ஐந்து காலி, தாளில் மூன்று ஓட்டை. இரண்டு கணக்கும் ஒத்துப்போயின. குப்பிக் கணக்கு மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். ஒழுங்காகச் சுட்டிருந்தாலும் ஐந்து குப்பிதான் காலியாக இருந்திருக்கும். ஒரு குண்டு நிஜமாகவே தாளைத் தப்பிப் போயிருக்கவும் முடியும். முடிவாகச் சொன்னது சலாகைதான்.

## "சுட்டே காலி பண்ணிடலாம்"

அரை மணி நேர வாக்குவாதம் நடந்தது இங்கேதான். அங்கிருந்த மூத்தவர்களில் ஒருவர், முப்பது வருடத்துக்கு மேல் கருமருந்து சுடுகிறவர், சொன்னார்: "தாங்கியில் கட்டிப்போட்டு, விசையில் கயிறு கட்டித் தூரமாக நின்று இழுத்துவிடலாம். குழல் புரூஃப் முத்திரை போட்டது. ரெட்டை மருந்தெல்லாம் தாங்கும்."

வாதத்தில் அர்த்தம் இல்லாமல் இல்லை. புரூஃப் சோதனை என்பதே அளவுக்கு மீறி மருந்து போட்டு, ஆள் விலகி நின்று வெடித்துப் பார்ப்பதுதான். இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் 1813 முதல் அதற்கென்றே சட்டப்படி ஒரு நிலையம் இருந்துவருகிறது. முத்திரை விழுந்த குழல் வழக்கத்தைவிடக் கூடுதலான அழுத்தத்தை ஒருமுறை தாங்கியிருக்கிறது என்பது உண்மை.

ரேஞ்ச் ஆபீசர் மறுத்ததற்குக் காரணம், குழலுக்குள் இருந்தது ரெட்டை மருந்து இல்லை என்பதுதான். பேச்சில் இரண்டையும் ஒன்றாகச் சொல்லிவிடுகிறோம். ஆபத்தைக் குறைவாக எடைபோட அதுவே ஒரு காரணம் என்று நினைக்கிறேன். மருந்து முழுவதும் அடியில் ஒரே குவியலாக இருந்து அதன் மேல் குண்டு இருந்தால், எரியும் இடம் ஒன்று. அழுத்தம் ஏறும், குண்டு நகரும், நகர நகர வாயுவுக்கு இடம் கிடைக்கும், அழுத்தம் இறங்கும். குழலின் அடிப்பகுதி அந்த உச்ச அழுத்தத்துக்கு ஏற்பச் செய்யப்பட்டது.

இந்தக் குழலில் இருந்த வரிசை வேறு: மருந்து, குண்டு, மருந்து, குண்டு. அடி மருந்து பற்றினால் அது முதலில் தள்ள வேண்டியது தன் குண்டை மட்டும் இல்லை. அதன் மேல் இறுக்கி அழுத்தப்பட்ட மருந்தையும், குழலைக் கவ்விக்கொண்டிருக்கும் இன்னொரு குண்டையும் சேர்த்துத் தள்ள வேண்டும். நகர்வு தாமதமாகும்; அதற்குள் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். இதற்கு நடுவில், பின்குண்டின் துணியைக் கடந்து தீ மேல் மருந்துக்குப் போகிறதா இல்லையா என்பது யாருக்கும் தெரியாது. போனால், பின்னாலிருந்து ஒரு வெடிப்பும் முன்னாலிருந்து ஒரு வெடிப்பும் ஒரே குண்டை இரண்டு பக்கமும் நெரிக்கும். மேல் மருந்தின் அழுத்த உச்சம் அடியிலிருந்து தள்ளி, அழுத்தம் இறங்கத் தொடங்கியிருக்கும் என்று கணக்கிடப்பட்ட இடத்தில் விழும். தீ போகாவிட்டால் இருபத்து மூன்று கிராம் ஈயமும் நடுவில் கல்லாக இறுகிய மருந்தும் ஒரே அடைப்பாக நகரும். எந்த வழியில் போனாலும் குழலில் அடைப்பு இருக்கிறது. புரூஃப் முத்திரை அடைப்பு உள்ள குழலைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

நல்லபடியாக முடிந்தால் குழலில் ஒரு வளையம் போல வீக்கம் விழும். மோசமாகப் போனால் குழல் பிளக்கும். இந்தத் துப்பாக்கியைப் பிடிக்கும்போது இடது கை தாங்கியிருப்பது கிட்டத்தட்ட அந்தப் பகுதிக்கு முன்னால்தான். நிப்பிள் மரையோடு பிய்த்துக்கொண்டு பின்னோக்கி வருவதும், குதிரை எகிறுவதும், துளை வழியாகத் தீ முகத்துக்குப் பாய்வதும் உண்டு. கயிறு கட்டித் தூரமாக நின்றால் ஆளுக்கு ஆபத்து குறையும், உண்மை. ஆனால் தெறிக்கும் துண்டு எந்தப் பக்கம் போகும் என்று யாரும் உறுதி தர முடியாது, அந்த ரேஞ்சில் அதற்கான தடுப்புச் சுவரும் இல்லை. அவசரமும் இல்லை. கேப் இல்லாத துப்பாக்கி தாங்கியில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கிடக்கும். அதனால் பிடுங்கி எடுப்பது என்று முடிவானது.

## காலி செய்தது

அடுத்த கேள்வி, எப்படி. அழுத்த வாயுக் குப்பி ஒன்றை நிப்பிளில் பொருத்தி, பின்னாலிருந்து குண்டைத் தள்ளும் கருவி ரேஞ்சில் இருந்தது. ஒற்றைக் கெட்டிப்பு என்றால் அதுதான் சுலபம். இங்கே பொறித் துளை அடைத்திருந்தது; இரண்டு குண்டு தடுத்தது. பாதி தூரம் நகர்ந்து நின்றுவிட்டால் மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே இடைவெளி விழுந்து நிலைமை முன்னைவிடக் கெடும். அதை விட்டுவிட்டார்கள்.

முதலில் மருந்தை நனைக்க வேண்டும். நிப்பிளைக் கழற்றிவிட்டு, அந்த ஓட்டை வழியாகச் சிரிஞ்சால் தண்ணீர் செலுத்தினார்கள். கரி அடைப்பு கரைந்து, கறுப்புத் தண்ணீர் திரும்பி வழியும் வரை திரும்பத் திரும்ப. இதில் அடி மருந்து செத்தது. மேல் மருந்துக்குத்தான் வழி இல்லை. அது இரண்டு குண்டுக்கு நடுவில் பத்திரமாக உட்கார்ந்திருந்தது; பின்னாலிருந்து வரும் தண்ணீரைப் பின்குண்டு மறித்தது, முன்னாலிருந்து போவதை முன்குண்டு மறித்தது. குழலை நிமிர்த்தித் தாங்கியில் பூட்டி, வாய் வழியாகச் சோப்புத் தண்ணீர் ஊற்றி, துணி வழியே கசியட்டும் என்று சில மணி நேரம் விட்டார்கள். வாய்க்கு மேலே தலை நீட்டக் கூடாது என்பதற்காகத் தாங்கியைச் சுற்றிக் கயிறு கட்டிவைத்தார்கள்.

அப்புறம் திருகு. பித்தளைச் சலாகையின் நுனியில் மரத்திருகு போன்ற முனை. குழலின் நடுவிலேயே போக, குழல் விட்டத்துக்குப் பித்தளை வளையம். முன்குண்டின் ஈயத்தில் திருகி இழுத்தார்கள். முதல் தடவை திருகு ஈயத்தைப் பிய்த்துக்கொண்டு தனியாக வந்தது. இரண்டாம் தடவை இன்னும் ஆழமாகப் போட்டு, இரண்டு பேர் பக்கவாட்டில் நின்று, வாய்க்கு நேராக உடம்போ உள்ளங்கையோ வராதபடி குறுக்குப் பிடியால் இழுத்ததும் குண்டு வந்தது.

அதன் பின்னால் வந்த மருந்தைத் தட்டில் கொட்டியபோது எல்லோரும் குனிந்து பார்த்தோம். வெளிச்சுற்று முழுக்கக் கறுப்புப் பசை. அதன் நடுவில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு கட்டி. குச்சியால் குத்தியதும் உடைந்து, பளபளவென்று காய்ந்த மருந்து மணிகளாக உதிர்ந்தது. அத்தனை மணி நேரம் ஊறியும் நடுவில் ஈரம் போகவில்லை. நனைத்துவிட்டோம், இனிப் பயமில்லை என்று யாராவது இரும்புச் சலாகையை வேகமாக இடித்திருந்தால் என்ன ஆகும் என்பதை அந்தத் தட்டு சொன்னது.

பின்குண்டில் திருகு மையமாகப் பிடிக்கவில்லை. அதை விட்டுவிட்டு, நிப்பிள் மரையில் கிரீஸ் முனை ஒன்றைப் பொருத்தி, வண்டிக்குக் கிரீஸ் அடிக்கும் கன்னால் அழுத்தினார்கள். கிரீஸ் வாயுவைப் போல அமுங்கிச் சேர்ந்து பாயாது. ஒவ்வொரு அழுத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தள்ளும். குண்டு மெதுவாக மேலேறி வாய்க்கு வந்து விழுந்தது. சுத்தம் செய்வதுதான் பெரிய வேலை. ஆனால் இந்த வேலைக்கு இதைவிட அமைதியான முறை எனக்குத் தெரியாது.

## கழுவும்போது தெரிந்தது

குழலைச் சுடுதண்ணீரில் கழுவி, இறுக்கமான துணியைச் சலாகையில் மாட்டித் துடைத்துக்கொண்டிருந்தார் சுட்டவர். திடீரென்று நிறுத்தினார். அடியிலிருந்து சுமார் 8 செ.மீ. தூரத்தில் துணி ஒரு கணம் இளகி, மறுபடி இறுகியது. இன்னொருவர் கையில் கொடுத்தார். அவருக்கும் அப்படியே. வெளியே எட்டுப்பட்டைக் குழலின் ஒரு பட்டை மேல் எஃகு அளவுகோலை வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தபோது, அந்த இடத்தில் அளவுகோல் மயிரிழை தூக்கி நின்றது. இரண்டு பக்கமும் ஒளிக்கீற்று தெரிந்தது.

அது வளைய வீக்கம். அன்று அந்தத் துப்பாக்கியில் இரட்டைக் கெட்டிப்பு வெடிக்கவே இல்லை. எனவே இது பழைய காயம். முன்பு வைத்திருந்தவரிடம், என்றோ ஒருநாள், அடைப்போடு வெடித்திருக்கிறது. அப்போதும் இரட்டைக் கெட்டிப்புதானா, அல்லது குண்டு மருந்தின் மேல் உட்காராமல் இடையில் நின்றதா என்பதைக் குழலை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டும் ஒரே மாதிரி வளையத்தைத்தான் விட்டுப்போகும். ஆனால் வீக்கம் இருந்த இடம், இரண்டாவது குண்டு உட்காரும் இடத்தோடு பொருந்தியது.

துப்பாக்கிப் பழுது பார்ப்பவர் குழலைத் தனியாக எடுத்துப் பார்த்து, இனி சுடத் தகுதியில்லை என்று எழுதிக்கொடுத்தார். வாக்குவாதத்தில் புரூஃப் முத்திரையைச் சொன்ன மூத்தவர் அளவுகோலைத் தானே வாங்கிப் பார்த்தார். முத்திரை விழுந்தபோது குழல் நேராக இருந்திருக்கும். அதற்குப் பிறகு நடந்தது முத்திரைக்குத் தெரியாது. அன்றைக்குக் கயிறு கட்டி இழுத்திருந்தால், ஏற்கெனவே ஒருமுறை வீங்கி இளைத்துப்போன இடத்தில்தான் அடைப்பு மறுபடி உட்கார்ந்திருந்தது.

## ஏன் தெரியாமல் போனது

சுட்டவரை அலட்சியக்காரர் என்று சொல்லி முடித்துவிடுவது சுலபம். வாக்குமூலங்களை வாசித்தபோது எனக்கு அப்படித் தோன்றவில்லை. சத்தமும் புகையும் பக்கத்திலிருந்து வந்து அவரை நம்பவைத்தன. "தோளில் தள்ளல்கூட வரவில்லையே, அதாவது தெரிந்திருக்காதா?" என்று கேட்டார்கள். தள்ளல் வந்தது போலத்தான் இருந்தது என்றார். பொய்யில்லை. பல வருடம் சுட்டவர்களின் உடம்பு, விசையை இழுக்கும் கணத்தில் தள்ளலை எதிர்பார்த்துத் தானே ஒரு வெட்டு வெட்டும். போட்டி அளவு மருந்துக்குத் தள்ளலும் லேசு. தன் உடம்பு வெட்டியதையே துப்பாக்கி தள்ளியதாக எடுத்துக்கொள்ள ஒன்றும் தடையில்லை.

பயிற்சி பெற்ற கூட்டத்துக்கே இது நடந்திருக்கிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1863 ஜூலையில் கெட்டிஸ்பர்க் சண்டை முடிந்த பிறகு களத்தில் பொறுக்கிய துப்பாக்கிகளைப் பற்றி ஒரு கணக்கு அடிக்கடி எடுத்துக்காட்டப்படும். 27,574 துப்பாக்கிகளில் சுமார் 24,000 கெட்டித்த நிலையில் இருந்தன. அவற்றில் சுமார் பாதியில் இரண்டு கெட்டிப்பு. ஏறக்குறைய 6,000 துப்பாக்கிகளில் மூன்று முதல் பத்து வரை. ஒன்றில் இருபத்து மூன்று. பயந்து சுடாமலே கெட்டித்துக்கொண்டே போனவர்களும் அதில் இருப்பார்கள். கேப் வெடித்தும் உள்ளே பற்றாததை அந்த இரைச்சலில் கவனிக்காதவர்களும் இருப்பார்கள். ஆறு பேர் சுடும் வரிசையிலேயே ஒருவருக்குத் தெரியாமல் போகிறது என்றால் போர்க்களத்தைப் பற்றிக் கேட்க வேண்டாம்.

இரண்டாவது கெட்டிப்பைப் போட்ட விதத்திலும் ஓர் ஆபத்து ஒளிந்திருந்தது. இதைப் பற்றி அன்று யாரும் அதிகம் பேசவில்லை. கேப் வெடித்தும் மருந்து பற்றவில்லை என்றால், உள்ளே புகைந்துகொண்டிருந்து தாமதமாக வெடிக்கவும் கூடும். அதனால்தான் வாயைக் குறிப்பலகைப் பக்கமே வைத்துக்கொண்டு ஒன்றிரண்டு நிமிடமாவது காத்திருக்க வேண்டும் என்பது ரேஞ்சுகளில் பொதுவாக உள்ள விதி. பற்றாததே தெரியாதவர் எப்படிக் காத்திருப்பார்? அடுத்த நொடியே குழலைத் தன் பக்கம் நிமிர்த்தி, வாய்க்கு மேல் கையை வைத்து மருந்தை ஊற்றி, குண்டை உள்ளங்கையால் அழுத்தியிருக்கிறார்.

## மாற்றியவை

பொதுச் சலாகையை எடுத்துவிட்டார்கள். இப்போது அவரவர் சலாகை, அதில் அந்தத் துப்பாக்கிக்கான இரண்டு கோடு: காலிக் குழலில் ஒன்று, சரியான கெட்டிப்பில் ஒன்று. மருந்தின் அளவை மாற்றினால் இரண்டாவது கோட்டையும் மாற்ற வேண்டும். வரிசைக்கு வரும் முன் ரேஞ்ச் ஆபீசர் பார்ப்பது முதலில் கோட்டைத்தான்.

மருந்துக் குப்பியைத் திறக்கும் முன் சலாகையை ஒருமுறை உள்ளே விட்டுப் பார்ப்பது கட்டாயம். காலிக் குழலின் அடியில் பித்தளைச் சலாகை முட்டினால் "டிங்" என்று உலோகச் சத்தம் வரும். குண்டின் மேல் விழுந்தால் "தொப்" என்று செத்த சத்தம். காது மங்கிய நேரத்தில் கோடு காட்டிக்கொடுக்கும். இதற்கு ஓர் எதிர்ப்பும் வந்தது: அப்போதுதான் சுட்ட குழலின் வாய்ப்பக்கம் கையைக் கூடுதலாக ஒருமுறை கொண்டுபோகிறோமே என்று. நியாயமான கேள்வி. சலாகையை நுனிவிரலால் பிடித்து விட வேண்டும், உள்ளங்கையால் தள்ளக் கூடாது என்று சேர்த்து எழுதினார்கள். சுட்டபின் குழலின் வாயில் தன் வாயை வைத்து ஊதி, நிப்பிள் வழியே புகை வருகிறதா என்று பார்ப்பது பழைய ஆட்களின் முறை. குழல் காலி என்பதை அதுவும் காட்டும்தான்; ஆனால் காலியில்லாத குழலிலும் முகத்தை வைத்த பிறகுதான் காட்டும். அதை ரேஞ்சில் அனுமதிப்பதில்லை.

துடைத்த பிறகு மருந்துக்கு முன் வெறும் கேப் வெடிக்க வேண்டும். அதற்காக நேரம் கேட்டால் கொடுப்பார்கள். பற்றாமல் போனாலும் கை தூக்கினால் நேரம் நிற்கும். நேரப் போட்டியில் இந்தச் சலுகை இல்லாதவரை யாரும் மனமுவந்து கை தூக்க மாட்டார்கள் என்பது என் கருத்து. விதி எழுதிய கூட்டத்திலும் இதைச் சொன்னேன்.

குறித்துக்கொள்பவருக்கு இப்போது நிறுத்தும் அதிகாரம் உண்டு. ஓட்டை தெரியவில்லை என்றால் அவர் "சலாகை" என்று சத்தமாகச் சொல்வார். சொன்னதும் சுடுபவர் அடுத்த வேலை எதையும் செய்யாமல் சலாகையை விட்டுக் காட்ட வேண்டும். சமாதானம் சொல்லக் கூடாது. அன்று அந்தப் பெண் எழுந்து போய்ச் சொல்லாமல் இருந்திருந்தால் மற்ற எல்லாம் வீண். ஆனால் அவர் தயக்கத்தை மீறி எழுந்திருக்க வேண்டியிருந்தது என்பதே ஏற்பாட்டில் இருந்த ஓட்டை.

இருபது கேள்விகள் கொண்ட சரிபார்ப்புத் தாள் ஒன்றையும் யாரோ தயாரித்து வந்தார்கள். அதை ஏற்கவில்லை. சலாகைக் கோட்டைப் பார்ப்பதற்குத் தேவைப்படும் கவனத்தை அந்தத் தாளே தின்றுவிடும்.

ஒரு மாதம் கழித்து, இரட்டைக்குழல் கெட்டிப்புத் துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கும் இதை நீட்டித்தார்கள். அங்கே தவறு இன்னும் சுலபம்: பக்கத்தில் பக்கத்தில் இரண்டு வாய், பேச்சுக் கொடுத்துக்கொண்டே கெட்டித்தால் ஒரே வாயில் இரண்டும் போய், இன்னொன்று காலியாகவே நிற்கும். ஒரு குழலில் மருந்து போட்டதும் அதே குழலில் சலாகையைப் போட்டு வாயை அடைத்துவிட வேண்டும். மருந்து போட்ட குழலுக்குக் குண்டு வைக்கும் நேரத்தில்தான் அதை எடுக்க வேண்டும். ஒரு குழலை மட்டும் சுட்டிருந்தால், அந்த அதிர்ச்சியில் மற்றதில் இருக்கும் கெட்டிப்பு மருந்தை விட்டு முன்னால் நகர்ந்திருக்கலாம். எனவே அதையும் சலாகையால் அழுத்திப் பார்க்க வேண்டும், அதற்கு முன் அதன் கேப்பை எடுத்துவிட வேண்டும். சுட்டவர் புதுக் குழல் மாட்டி அதே பயிற்சிக்குத் திரும்பியிருக்கிறார். பழைய குழலை நீளவாக்கில் அறுத்துத் தரச் சொல்லி ரேஞ்ச் கேட்டு வாங்கிக்கொண்டது. புதிதாகச் சேருபவர்களிடம் வீக்கத்தை விரலால் தடவிப் பார்க்கக் கொடுக்கிறார்கள்.